ஜெபித்ததைப் பார்த்தவர் பெயர்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவரை எல்லாரும் மேல்வீட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பத்தேழு மீட்டர் உயரமுள்ள கிரேனின் உச்சியில் ஒரு சின்னக் கண்ணாடி அறை. அதற்குள் உட்கார்ந்து காலையிலிருந்து சாயங்காலம்வரை கம்பிக்கட்டையும் கான்கிரீட் தொட்டியையும் தூக்கி இறக்குவது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக அதைத்தான் செய்கிறார். உயரத்துக்கு அவர் ஒருநாளும் பயந்ததில்லை. அவருடைய பயமெல்லாம் தரையில் இருந்தது. ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஓர் ஆள், அந்த ஆளின் கையில் ஒரு தாள் என்று மூன்றும் ஒன்றுசேர்ந்துவிட்டால் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு நீலப் படிவம் வந்து சேர்ந்தது.

சபையில் புதிதாக விசுவாச உறுதிப்பாட்டுக் குழு என்று ஒன்றை அமைத்திருந்தார்கள். ஒவ்வொரு அங்கத்தினருக்கும் விசுவாசம் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு, போன வருஷத்தைவிடக் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று கண்டறிந்து சான்று கொடுப்பது அதன் பணி. இந்த விவரமெல்லாம் தெரியாமல் இத்தனை வருஷம் எப்படி ஆராதனை நடத்தினோம் என்று போதகரே பிரசங்கத்தில் வியந்துபோனார்.

படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள். பதினேழாவது, ஒரு நாளில் எத்தனை முறை ஜெபிக்கிறீர்கள். பதினெட்டாவது, எந்த நிலையில். பத்தொன்பதாவது, அவ்வாறு ஜெபித்ததை நேரில் பார்த்த இருவரின் பெயர், முகவரி, கையொப்பம்.

மேல்வீட்டுக்காரர் பத்தொன்பதில் நின்றுவிட்டார். அவர் ஜெபிப்பதை யாரும் பார்த்ததில்லை. சொல்லப்போனால், அதை ஜெபம் என்று அவரே நினைத்ததில்லை. மேலே தனியாக இருக்கும்போது பேசுவார், அவ்வளவுதான். "அப்பா, அந்த வெல்டர் இன்னைக்கும் வெறும் வயித்தோட வந்திருக்கான் போல, கை நடுங்குது பாருங்க" என்பார். "இந்தக் கட்டு கொஞ்சம் ஒரு பக்கமாச் சாயுதே" என்பார். காலையில் ஏணியில் கால் வைக்கும்போது தொடங்கும் பேச்சு, சாயங்காலம் இறங்கும்போது முடிந்தது என்றும் சொல்ல முடியாது. தொடங்கியது பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால். நாலு வயது மகன் மூன்று நாள் காய்ச்சலில் இறந்த வருஷம் அது. முதல் மூன்று மாதம் வெறும் திட்டுதான். தொண்டை வற்றும்வரை திட்டுவார். ஒருநாள் திட்டி ஓய்ந்து சும்மா இருந்தபோது, அத்தனை நாளும் யாரோ எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருந்ததுபோல அவருக்குத் தோன்றியது. அன்றிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார். மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்தது மனைவி.

"சான்று வாங்காத குடும்பத்துக்குக் கல்லறைத் தோட்டத்துல ஒதுக்கின இடத்தைத் திரும்ப எடுத்துக்குவாங்களாம்" என்றாள்.

மகனுக்கு இந்தப் பக்கம் ஓர் இடமும் அந்தப் பக்கம் ஓர் இடமும் அவர்கள் இருவருக்காக விட்டுவைக்கப்பட்டிருந்தன. படிவத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நான் அவன் பக்கத்துலதான் படுக்கணும்" என்றாள் கொஞ்சம் கழித்து.

மறுநாளே அவர் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு குழு அலுவலகத்துக்குப் போனார். முன்பு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து பாடிய அறை அது. இப்போது அலமாரிகள் நின்றன. குழுச் செயலாளர் மெலிந்த மனிதர். பேனா மூடியைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் டக்கென்று ஒரு சத்தம் வரும்.

"பத்தொன்பது காலியா இருக்கே" என்றார் செயலாளர்.

"மேல என்கூட யாரும் இருக்க மாட்டாங்க ஐயா."

"அப்ப நீங்க ஜெபிச்சது யாருக்குத் தெரியும்?"

மேல்வீட்டுக்காரர் தயங்கி, விரலை மட்டும் லேசாக மேலே காட்டினார்.

செயலாளர் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். "ஆண்டவர் இருதயத்தைப் பார்க்கிறார். அதை நாங்க மறுக்கல. ஆனா குழுவுக்கு அந்த வசதி இல்ல. அவர் பார்த்ததை எங்களுக்கு எழுத்துல தர்றதும் இல்ல. அதனால குழு எதைப் பார்க்க முடியுதோ அதைத்தான் விசுவாசம்னு வச்சுக்க வேண்டியிருக்கு. உங்களுக்குச் சாட்சி இல்லாததால நேர்முகப் பரிசோதனை போடுறேன். வியாழக்கிழமை வாங்க."

வியாழக்கிழமை மூன்று பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். நடுவில் தலைவர். அவர் முதலில் ஒரு சிற்றுரை ஆற்றினார்.

"முன்னெல்லாம் ஜனங்க ஆண்டவர்கிட்ட நேரடியாப் போயிட்டு இருந்தாங்க. அதனால எவ்வளவு குழப்பம் தெரியுமா? யார் போனாங்க, யார் போகல, என்ன பேசினாங்க, எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. சபைன்னு ஒண்ணு எதுக்கு இருக்குன்னே சில நேரம் எங்களுக்குச் சந்தேகம் வந்துடும். இப்ப அந்தச் சந்தேகம் இல்ல. சரி, ஆரம்பிங்க."

தரையில் ஒரு பாய் விரித்திருந்தது. மேல்வீட்டுக்காரர் முழங்காலிட்டார், கண்ணை மூடினார். யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வது தெரிந்தது. அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. உள்ளே தேடினார். பத்தொன்பது வருஷமாகப் புழங்கிய வீட்டுக்குள் நுழைந்து பார்த்தால் சாமான் எல்லாவற்றையும் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டதுபோல இருந்தது. உடம்பு நடுங்கியது.

"நாலு நிமிஷம்" என்றார் செயலாளர், எழுதிக்கொண்டே. "குரல் இல்லை. கண்ணீர் இல்லை. உதட்டசைவு இல்லை. நடுக்கம் உண்டு."

"நடுக்கம் எதனாலன்னு கேளுங்க" என்றார் தலைவர்.

"பயம் ஐயா" என்றார் மேல்வீட்டுக்காரர்.

"யார்மேல பயம்?"

"உங்க மேல."

மூவரும் தலையைச் சேர்த்து மெல்லப் பேசிக்கொண்டார்கள். பயம் என்பது நல்ல குணம், குழுவின் மேல் இருந்தால் அது முக்கால்வாசி தேவபயம்தான் என்று முடிவாயிற்று. அதற்கு அரை மதிப்பெண் கொடுத்தார்கள். பாக்கிக்கு வேலை செய்யும் இடத்திலேயே நேரடி ஆய்வு என்று தேதி குறித்தார்கள்.

வெளியே வந்தபோது அவரை உலுக்கியது அரை மதிப்பெண் அல்ல. அந்த நாலு நிமிஷத்துக் காலிதான்.

அடுத்த நாள் மேலே ஏறினார். அறையில் உட்கார்ந்து, "அப்பா" என்றார். சொன்னதும், இது ஒன்று என்று மனசு எண்ணியது. "இன்னைக்குக் காத்து கொஞ்சம்" என்று தொடங்கினார். இது இரண்டா, அல்லது முதலாவதிலேயே சேருமா? உட்கார்ந்தபடி சொன்னால் பதினெட்டாம் கேள்வியில் என்ன எழுதுவது? கண் திறந்திருக்கிறதே, சுமையைப் பார்க்காமல் கண்ணை எப்படி மூடுவது? அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் வரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்கிற உணர்வு இல்லை. ஒருவேளை எப்போதுமே இருந்ததில்லையோ, பத்தொன்பது வருஷமாகக் கண்ணாடியோடு பேசிக்கொண்டிருந்தேனோ என்று நினைத்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு அந்த உயரம் தெரிந்தது. காலுக்குக் கீழே கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே ஐம்பத்தேழு மீட்டர். கைப்பிடியை அரை நொடி தாமதமாக விட்டார்.

"மேல்வீடு, என்ன பண்றீங்க? ஆள் நிக்குது" என்று கீழே நின்று கை காட்டி வழிசொல்லும் சிக்னல்காரர் ரேடியோவில் கத்தினார். கம்பிக்கட்டு ஒருவர் தலைக்கு ஒரு முழம் தள்ளிப் போனது.

அன்று வீட்டுக்கு வந்தால் இன்னொரு நீலப் படிவம் காத்திருந்தது. மனைவி அதைத் தொடாமல் மேசையில் விட்டிருந்தாள். உறையின் மேல் மகன் பெயர்.

கல்லறைத் தோட்டப் பதிவேட்டைச் சரிபார்த்ததில், மேற்படி இடத்தில் இருப்பவர் இதுவரை எந்தப் படிவமும் சமர்ப்பிக்கவில்லை என்று தெரியவந்திருந்தது. நாலு வயதில் இறந்திருப்பது குழுவின் கவனத்துக்கு வந்துள்ளது என்றும், ஆயினும் விதிகளில் வயது விலக்கு இல்லை என்றும் இணைப்புக் கடிதம் சொன்னது. பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் இடம் மறுபரிசீலனைக்கு உட்படும்.

"மறுபரிசீலனைன்னா என்னங்க?" என்று கேட்டாள் மனைவி. "தோண்டுவாங்களா?"

அவர் படிவத்தைக் கவிழ்த்து வைத்தார். "நேர்ல வர்றாங்கள்ல, அவங்ககிட்டயே பேசிப் பார்க்கிறேன்" என்றார். சொன்ன குரல் அவருக்கே யாருடையதோ போல இருந்தது.

ஆய்வு நாளில் செயலாளர் துடைத்த கருப்புக் காலணியோடு வந்தார். கிரேன்மேல் வெளியாரை ஏற்றக் கூடாது என்று சூப்பர்வைசர் மறுத்திருப்பார். ஆனால் சூப்பர்வைசரின் படிவமும் அதே குழுவின் மேசையில் இருந்தது. அவர் தலைக்கவசத்தையும் இடுப்பு வாரையும் எடுத்துக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

செயலாளர் கோப்பைத் தோள்பையில் போட்டுக்கொண்டு ஏறினார். முதல் இருபது மீட்டர்வரை ஒழுங்குமுறையின் சிறப்பைப் பற்றிப் பேசினார். அதற்கப்புறம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மேலே அறையில் ஒரே ஒரு நாற்காலி. அவர் அதற்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, கண்ணாடித் தரையைப் பார்த்துவிட்டு உடனே பார்வையை எடுத்துக்கொண்டார்.

"இது ஆடுதே" என்றார்.

"ஆடும் ஐயா. ஆடலன்னாத்தான் பயப்படணும்."

"நீங்க உங்க பாட்டுக்கு ஜெபிங்க. நான் இங்க இல்லன்னு நினைச்சுக்குங்க" என்று சொல்லிப் பேனா மூடியைக் கழற்றினார்.

மேல்வீட்டுக்காரர் கைப்பிடிமேல் கையை வைத்தார். கீழே பலகைக்கட்டு ஒன்றைக் கொக்கியில் மாட்டினார்கள், அவர் மேலே தூக்கினார். பாதி தூரம் வந்திருக்கும், திடீரென்று மேற்கே தூசி எழுந்தது. காற்றுமானி கீச்சிட்டது. கட்டு ஊசல்போல ஆடத் தொடங்கியது. கிரேன் முழுவதும் முனகிக்கொண்டு ஒரு பக்கம் வளைந்து நிமிர்ந்தது. செயலாளர் எதையாவது பிடிக்கக் கையை வீசினார். அதில் ரேடியோ தரையில் விழுந்து, பேட்டரி தெறித்துக் கதவிடுக்கில் போய்ச் சிக்கிக்கொண்டது.

கீழே தளத்தில் எட்டுப் பேர். சிக்னல்காரரின் குரல் இல்லை. புள்ளியாகத் தெரிந்த அவர் கையை மட்டும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு மேல்வீட்டுக்காரர் கட்டை இறக்கினார். ஆட்டத்தோடு சேர்ந்து போக வேண்டும், ஆட்டம் ஓயும் நொடியில் விட வேண்டும், மறுபடி பிடிக்க வேண்டும். கால் மணி நேரம் பிடித்தது. கட்டு தரையைத் தொட்டு, கொக்கியைக் கழற்றியது தெரிந்ததும், கிரேனின் கையைச் சுழலாமல் நிறுத்தும் பிரேக்கை அவர் முழுதாக விடுவித்தார். நீண்ட இரும்புக்கை காற்றோடு சேர்ந்து தானாகத் திரும்பியது.

"தானாச் சுத்துது, பிரேக் போடுங்க" என்று செயலாளர் முனகினார். அவர் இப்போது தரையில் குப்புறப் படுத்து, நாற்காலிக் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தார்.

"போட்டா முறிஞ்சிடும் ஐயா. காத்து போற பக்கம் விட்டுடணும்."

இன்னும் ஒரு பெரிய காற்று வந்து அறையைத் தூக்கி இறக்கியது. செயலாளர் வாயிலிருந்து, "அம்மா" என்று ஒரே ஒரு வார்த்தை வந்தது. அது முதிர்ந்த மனிதரின் குரலாக இல்லை.

நாற்பது நிமிஷத்தில் காற்று அடங்கியது. செயலாளர் தலையைத் தூக்கினார்.

"அவ்வளவு நேரமும் யார்கிட்டப் பேசிட்டிருந்தீங்க?"

"நானா?"

"'எட்டுப் பேர் நிக்கிறாங்க, கொஞ்சம் பிடிச்சுக்குங்க'ன்னீங்க. 'இந்தா, இப்ப விடுறேன்'னீங்க. 'இவர் பயந்துட்டார் பாவம், இவரையும் பாருங்க'ன்னீங்க. ரேடியோ உடைஞ்சு கிடக்கு. யார்கிட்டப் பேசினீங்க?"

மேல்வீட்டுக்காரர் திகைத்துப்போனார். தான் பேசியதே அவருக்குத் தெரியாது. மெதுவாக உள்ளே பார்த்தார். சாமான்கள் அததன் இடத்தில் இருந்தன. அவருக்குக் கண் நிறைந்தது. எழுந்து கதவிடுக்கிலிருந்து பேட்டரியை எடுத்தார்.

கீழே இறங்கி, சூப்பர்வைசரின் தகர அறையில் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்து, தலையைச் சீவிக்கொண்டதும் செயலாளருக்குத் தன் பதவி திரும்பி வந்தது. மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து படிவத்தை எடுத்தார்.

"தொடக்கத்துல துதி இல்ல. முடிவுல ஆமென் இல்ல. நாற்காலியில உட்கார்ந்த நிலை. கண் திறந்திருந்தது. இதை ஜெபம்னு எடுத்துக்க வழியில்ல. தனக்குத்தானே பேசும் பழக்கம்னு போடுறேன்." எழுதி முடித்து, பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்து மேசைமேல் தள்ளினார். அது செயலாளரின் சொந்தப் படிவம். "ஆபத்தான இடத்தில் ஜெபித்தல்னு ஒரு பகுதி இருக்கு. குழுவுல இதுவரைக்கும் யாராலயும் அதை நிரப்ப முடியல. நாப்பது நிமிஷம், முழங்கால்ல, உரத்த குரல்ல. சாட்சியா நீங்க கையெழுத்துப் போடுங்க. நான் உங்களோடதைத் திருத்தி எழுதிடுறேன். பையன் விஷயமும் இன்னையோட முடிஞ்சிடும்."

மேசை, ஆள், தாள். மேல்வீட்டுக்காரருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மகனின் இடம் கண்ணுக்குள் வந்தது, மனைவி படிவத்தை மடித்துப் பிரித்த கை வந்தது. ஒரு கோடு கிழித்தால் போதும். ஆனால் கிழித்துவிட்டு நாளைக்கு மேலே ஏறி என்ன பேசுவது? இப்போதுதான் திரும்பி வந்த பேச்சு. அது மறுபடி போய்விட்டால் என்ற பயம் மேசைமேல் இருந்த பயத்தைவிடக் கொஞ்சம், ஒரு துளி, கூடுதலாக இருந்தது.

பள்ளிப் பிள்ளை எழுத்தில் எழுதினார்: 'முழங்காலில் இல்லை. படுத்திருந்தார். ஒரு தடவை அம்மா என்று கூப்பிட்டார். வேறு எதுவும் சொல்லவில்லை. கூப்பிட்டது பொய் இல்லை.'

செயலாளர் அதைப் படித்தார். முகம் சுண்டிப்போயிற்று. பையை மூடிக்கொண்டு போனார்.

ஒரு வாரத்தில் தீர்ப்பு வந்தது. விசுவாசம்: உறுதிப்படவில்லை. பயம்: போதுமான அளவு. பெற்றோர் இருவருக்கான இடமும் ரத்து. மகனின் படிவத்துக்குப் பதில் தர இன்னும் இரண்டு நாள்.

மேல்வீட்டுக்காரர் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். கையெழுத்துப் போடாததை, காற்றை, பத்தொன்பது வருஷப் பேச்சை. அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவனைப் பத்தியும் பேசுவீங்களா?"

"தினமும்."

"என்னன்னு?"

"எவ்வளவு உயரம் வளர்ந்திருப்பான்னு கேப்பேன்."

"பதில் வருமா?"

"வராது. ஆனா கேக்குற ஆள் இருக்குற மாதிரி இருக்கும்."

அவள் எழுந்து போய் மகனின் படிவத்தை எடுத்தாள். நாற்பத்திரண்டு கேள்விகளின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரே வரி எழுதினாள்: 'விண்ணப்பதாரர் இப்போது யாரிடம் இருக்கிறார் என்பது குழுவுக்குத் தெரியும். அவரிடம் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளவும்.' தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வந்தபின் இரண்டு நாள் வாசலில் சத்தம் கேட்டாலே திடுக்கிட்டாள்.

குழு அதைப் பற்றி மூன்று அமர்வுகள் விவாதித்தது. நேரில் யார் போவது என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை. தலைவருக்கு முதுகுவலி. மற்றவர்கள் தலைவரை முந்திக்கொண்டு போக விரும்பவில்லை. கடைசியில், தகுந்த உறுப்பினர் கிடைக்கும்வரை அந்தக் கோப்பும், ரத்தான இரண்டையும் சேர்த்து அதைச் சார்ந்த மூன்று இடங்களும் உள்ளது உள்ளபடியே ஒத்திவைக்கப்பட்டன. இன்றுவரை அப்படியே இருக்கின்றன.

மாதம் ஒன்று போயிருக்கும். ஒரு காலை, மேல்வீட்டுக்காரர் ஏணியில் கால் வைக்கப் போனபோது அடியில் செயலாளர் நின்றுகொண்டிருந்தார். கையில் எதுவும் இல்லை. சவரம் செய்து பல நாள் ஆகியிருக்கும். மேல்வீட்டுக்காரர் ஓர் அடி பின்வாங்கினார்.

"ஆய்வுக்கு வரல" என்றார் செயலாளர். சுற்றிலும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "எனக்கு நாலு சாட்சி இருக்காங்க. நாலு பேரும் நல்லாத்தான் எழுதிக் கொடுத்திருக்காங்க. காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், முழங்கால் காய்ச்சுப்போயிருக்கு. ஆனா அன்னைக்கு மேல, சாகப் போறோம்னு நினைச்சப்ப, இத்தனை வருஷமாச் சொன்னதுல ஒரு வார்த்தைகூட வரல. அம்மான்னுதான் வந்துச்சு. எங்கம்மா நான் சின்னப் பையனா இருக்கும்போதே போயிட்டாங்க." அவர் ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நான் கூப்பிட்டது கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும்னுதான் நினைக்கிறேன் ஐயா."

"எப்படித் தெரியும்? அதை எந்தப் பகுதியில எழுதுறது?"

"எழுத வேண்டாம்."

"எழுதலன்னா நடந்ததுன்னு எப்படித் தெரியும்?" அது மிரட்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். "யாருமே பார்க்கலன்னா, அங்க ஒருத்தர் இருக்கார்னு எதை வச்சு நம்புறது?"

அதே கேள்வியோடு மேல்வீட்டுக்காரரும் சில நாள் ஏறியிருக்கிறார்.

"தெரியாது ஐயா" என்றார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. அந்தப் பயத்தையே அவர்கிட்டச் சொல்லிட்டிருக்கேன்."

செயலாளர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேல்வீட்டுக்காரர் ஏறத் தொடங்கினார். பத்துப் படி ஏறியதும் கீழே மெல்லிய குரல் ஒன்று, தடுமாறித் தடுமாறி, யாரிடமோ பேசுவது கேட்டது. சாட்சி ஆகிவிடக் கூடாதே என்று அவர் குனிந்து பார்க்கவில்லை.